காப்பியடித்தவருக்கு ஹானர் சொசைட்டியில் இடமுண்டா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 10, 11ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வரும். நேஷனல் ஹானர் சொசைட்டியில் சேர உங்கள் மதிப்பெண் போதுமானது, இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பித் தாருங்கள் என்றிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது நல்ல சேதி. முன்பு ஒருமுறை காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் அதுவே சங்கடம். பல பள்ளிகளின் படிவத்தில், உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி இருக்கும். சில படிவங்களில் அந்தக் கேள்வி இருக்காது. ஆனால் தேர்வு செய்யும் ஆசிரியர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

அப்போது அந்தப் பிள்ளைக்கு மூன்று விதமாக யோசனை சொல்வார்கள். விண்ணப்பித்து ஏன் அவமானப்பட வேண்டும், விட்டுவிடு என்பார் ஒருவர். விண்ணப்பி, ஆனால் அதைப் பற்றி மூச்சு விடாதே என்பார் இன்னொருவர். நடந்ததைச் சொல்லிவிட்டு விண்ணப்பி என்பார் மூன்றாமவர். எது சரி என்பது அந்த ஒரு வீட்டோடு முடிகிற விஷயம் அல்ல. நற்குணத்தைப் பள்ளி எப்படி அளப்பது, ஒருமுறை தவறியவரை எத்தனை காலம் ஒதுக்கி வைப்பது, ஒதுக்குகிறவர்களை யார் தட்டிக் கேட்பது என்று பல கேள்விகள் இதற்குள் இருக்கின்றன.

நான்காவது தூண்

இந்தச் சங்கத்தை 1921இல் தொடங்கியது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி முதல்வர்களின் தேசிய அமைப்பு. பிட்ஸ்பர்க் நகரின் ஃபிஃப்த் அவென்யூ உயர்நிலைப் பள்ளி முதல்வர் எட்வர்ட் ரைனியர்சன்தான் இதன் மூலவர். முதல் கிளையும் அவருடைய பள்ளியில்தான் அமைந்தது. 1929இல் சிறு வகுப்புகளுக்கென ஜூனியர் சங்கம் வந்தது. படிப்பு, சேவை, தலைமைப் பண்பு, நற்குணம் என்ற நான்கையும் தூண்கள் என்று சொல்வது இச்சங்கத்தின் வழக்கம்.

முதல் மூன்றையும் ஏதோ ஒரு வகையில் எண்ணிவிடலாம். படிப்புக்கு 4.0 அளவில் குறைந்தது 3.0 ஜிபிஏ வேண்டும். கிளைகள் அந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், பல கிளைகள் உயர்த்தியும் இருக்கின்றன. சேவைக்கு மணிக்கணக்கு உண்டு. தலைமைக்குக் கிளப் பொறுப்பு, விளையாட்டு அணித் தலைமை என்று காட்ட ஏதாவது இருக்கும். நான்காவது தூணுக்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. நேர்மை, நம்பகம், பிறரை மதித்தல் என்றெல்லாம் விதிகள் விவரிக்கின்றன. அவற்றை எப்படிக் கண்டறிவது என்பதை அந்தந்தப் பள்ளியிடம் விட்டுவிடுகின்றன. நடைமுறையில், குற்றப் பதிவு ஏதும் இல்லாதவருக்கு நற்குணம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். பதிவு இருப்பவர்தான் தமக்கு அது இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

முடிவெடுப்பவர்கள் பள்ளி முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள். கிளையை நடத்தும் ஆலோசக ஆசிரியர் அவர்களோடு உட்காருவார், ஆனால் அவருக்கு வாக்கு இல்லை. முதல்வருக்கும் வாக்கு இல்லை. ஐந்தில் மூன்று பேர் கை தூக்கினால் இடம் கிடைக்கும். தேசிய அமைப்பு உள்ளூர் முடிவுகளின் மேல் முறையீட்டை எடுப்பதில்லை. இதனால் ஒரே தவறுக்கு ஊருக்கு ஊர் வேறு தீர்ப்பு. ஓராண்டு பொறுத்து வா என்று ஒரு பள்ளி சொல்லும். உயர்நிலைப் பள்ளி முடியும்வரை இடமில்லை என்று அடுத்த ஊர்ப் பள்ளி சொல்லும். எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமல் அந்தந்த ஆண்டுக் குழுவின் மனப்போக்குக்கு விட்டுவிடும் பள்ளிகளும் உண்டு.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு இது புரிய நேரமாகும். பொதுத்தேர்வில் பிட் அடித்தால் பறக்கும் படை வரும், விசாரணை நடக்கும், தேர்வெழுதத் தடை வரும். எல்லாம் அரசுத் துறையின் காரியம், ஊருக்கெல்லாம் ஒரே விதி. அமெரிக்கப் பள்ளியில் வகுப்பாசிரியரே பிடிப்பார், அவரே பூஜ்யம் போடுவார், துணை முதல்வரோடு சேர்ந்து தண்டனையை முடிவு செய்வார். அந்த ஆசிரியரே இரண்டு ஆண்டு கழித்து ஹானர் சொசைட்டிக் குழுவில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அதனால் மூச்சு விடாதே என்ற யோசனை, நியாயம் ஒருபுறமிருக்க, தந்திரமாகக்கூடத் தேறுவதில்லை.

வாசலுக்கு வெளியே ஒரு நீதி, உள்ளே ஒரு நீதி

விதிகளில் கவனிக்க வேண்டிய ஒரு முரண் இருக்கிறது. சேர்வதற்கு முன் காப்பியடித்தவரை என்ன செய்வது என்பதில் குழுவுக்கு முழுச் சுதந்திரம், மன்னிக்கலாம், மறுக்கலாம். சேர்ந்த பின் காப்பியடித்தவருக்கு அப்படி அல்ல. அவரை நீக்குவதென்றால் எழுத்துமூலம் தெரிவித்து விசாரணை நடத்த வேண்டும். முதல்வரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் ஒருமுறை நீக்கப்பட்டால் அவர் மறுபடி உறுப்பினராகவே முடியாது.

ஆக, வெளியே நிற்பவருக்கு விசாரணை கேட்கும் உரிமை இல்லை, திருந்தி வரும் வழி மட்டும் உண்டு. உள்ளே இருப்பவருக்கு விசாரணை உண்டு, திரும்பும் வழி கிடையாது. இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். சேரும் நாளில் உறுதிமொழி எடுத்தவர் அதை மீறுகிறார். எடுக்காதவர் எதையும் மீறவில்லை. ஆனாலும் 15 வயதில் செய்ததை மன்னிக்கலாம், 16 வயதில் அதையே செய்தால் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். விண்ணப்பிக்கும் முன் இதையும் யோசிக்க வேண்டும். பழைய பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை என்றால் சேராமல் இருப்பதே நல்லது. சேர்ந்து நீக்கப்படுவது, சேராமல் இருப்பதைவிடப் பெரிய அடி.

நீதிமன்றம் கைவிரித்த இடம்

இடம் மறுக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். விஸ்கான்சினிலும் ஆர்கன்சாவிலும் 1983இல் கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சொல்லின: இச்சங்கத்தின் உறுப்பினர் தகுதி சலுகைதான், உரிமை அல்ல, சொத்தைப் பறிப்பதற்கு முன் விசாரணை வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது.

பாகுபாடு புகுந்தால் மட்டும் நீதிமன்றங்கள் உள்ளே எட்டிப் பார்த்தன. கென்டக்கியின் கிரான்ட் கவுன்டியில் கருவுற்ற மாணவியர் இருவருக்கு இடம் மறுத்ததைப் பாலினப் பாகுபாடாகப் பார்த்த நீதிமன்றம், 1998இல் அவர்களைச் சேர்க்க உத்தரவிட்டது. பையனின் நடத்தை கண்ணுக்குத் தெரியாது, பெண்ணின் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நடத்தைக்கு ஒருவரை மட்டும் தண்டிப்பதை நற்குணச் சோதனை என்று சொல்ல முடியாது என்பதுதான் அவ்வழக்கின் சாரம். காப்பியடித்த விவகாரத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குழு கடுமையாக இருக்கலாம்; ஆளுக்கொரு கடுமை கூடாது.

52 நிமிடங்கள்

அண்மையில் பெரிதாகப் பேசப்பட்டது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் உயர்நிலைப் பள்ளி வழக்கு. அமெரிக்க வரலாற்று வகுப்பில் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பாரைப் பற்றிய குறும்படத்துக்கு ஒரு மாணவர் எழுத்துப் பிரதி தயாரித்தார். செயற்கை நுண்ணறிவு தந்ததை அவர் அப்படியே ஒட்டியிருப்பதாக ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தது. ஆவணத்தின் திருத்த வரலாற்றைப் பார்த்தபோது, மற்ற மாணவர்கள் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் செலவிட்ட வேலையில் இவர் செலவிட்டது 52 நிமிடங்கள் என்று தெரிந்தது. மேற்கோள் பட்டியலில் உலகத்திலேயே இல்லாத புத்தகங்கள். அவற்றில் ஒன்றின் ஆசிரியர் பெயர் ஜேன் டோ. ஊர் பேர் தெரியாத பெண்ணைக் குறிக்க அமெரிக்கர்கள் போடும் பொதுப்பெயர்.

மாணவருக்கு அந்த வேலையின் சில பகுதிகளில் மதிப்பெண் போயிற்று, ஒரு சனிக்கிழமை பள்ளியில் உட்கார வைக்கப்பட்டார், ஹானர் சொசைட்டியிலும் இடம் மறுக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று மாணவர் கையேட்டில் இல்லையே என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். இதே மாதிரிக் குற்றப் பதிவு உள்ள வேறு மாணவர்களை அதே சங்கம் சேர்த்துக்கொண்டது என்பதும் அவர்கள் புகார். 2024 நவம்பரில் நீதிபதி பால் லெவன்சன், மதிப்பெண்ணை மாற்றச் சொல்லியும் பதிவை நீக்கச் சொல்லியும் கேட்ட இடைக்கால உத்தரவை மறுத்துவிட்டார். பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டக் கூடாது என்பது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான் என்பதே அவருடைய பார்வை.

செய்திகளில் அவ்வளவாக அடிபடாத ஒரு விஷயம் உண்டு. அந்த மாணவர் மறுபடி விண்ணப்பிக்க அனுமதிக்கப்பட்டு, உறுப்பினராகவும் ஆகிவிட்டார். நீதிமன்றத்தில் கிடைக்காதது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கிடைத்துவிட்டது. காலம் கொடுத்து மறுபடி கேட்பதுதான் இந்த விவகாரத்தில் பெரும்பாலும் திறக்கிற கதவு.

குணம் என்று ஒன்று உண்டா?

இச்சங்கம் பிறந்த அதே காலத்தில், நற்குணம் என்பதையே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு நடந்தது. ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வசதியான சூழல்களை அமைத்துக் கொடுத்துக் கவனித்தார்கள். விடைத்தாளைத் தாமே திருத்தும் தேர்வு, வீட்டில் செய்யும் வேலை, விளையாட்டு என்று பலவகை. 1928இல் வெளியான முடிவு பலருக்குக் கசந்தது. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றவில்லை. எப்போதும் ஏமாற்றுபவரும் எங்கும் ஏமாற்றாதவரும் சிலர்தான், பெரும்பாலோர் இடைப்பட்டவர்கள். மாட்டிக்கொள்ளும் பயம் எவ்வளவு, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதெல்லாம் பிள்ளையின் நடத்தையைப் பெரிதும் தீர்மானித்தன. பின்னர் 1963இல் ரோஜர் பர்ட்டன் அதே தரவுகளை மறுபடி அலசி, நேர்மை என்ற பொதுக் குணத்துக்கு ஓரளவு இடம் இருக்கத்தான் செய்கிறது என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சம்பவத்தை வைத்து ஒரு பிள்ளையின் குணத்தைச் சொல்வது அவசரம். பல சம்பவங்கள் ஒரே திசையில் போனால் சொல்லலாம்.

பிடிபடாதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜோசப்சன் நிறுவனம் 2012இல் நடத்திய கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 51 விழுக்காட்டினர், கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது தேர்வில் ஏமாற்றியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டபோது 60 முதல் 70 விழுக்காட்டினர், முந்தைய மாதத்தில் ஏதாவது ஒரு வகையில் ஏமாற்றியதாகச் சொன்னார்கள். சாட்ஜிபிடிக்கு முன்பும் அதே அளவுதான். அப்படியென்றால் குழுவின் முன் வரும் மாசற்ற பெயர்களில் எத்தனையோ, ஏமாற்றியும் மாட்டாதவர்களின் பெயர்கள். பிடிபட்டவரை மட்டும் நிரந்தரமாக விலக்கினால் சங்கத்தில் சேர்வது நேர்மையானவர்கள் மட்டுமல்ல, சாமர்த்தியசாலிகளும்தான்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் வலு இருக்கிறது. காப்பியடித்து வாங்கிய மதிப்பெண்தான் ஒருவரைத் தகுதிக் கோட்டுக்கு மேலே தூக்கியது என்றால், அடிக்காமல் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளைக்கு என்ன பதில்? அந்தப் பிள்ளைக்குக் கடிதமே வரவில்லை. திருந்தியவருக்கு இடம் தருவதில் தாராளம் காட்டும்போது, இந்தப் பிள்ளையை மறந்துவிடக் கூடாது. எனவே முதல் நிபந்தனை, அந்தத் தவறால் கிடைத்த பலன் முழுவதும் கழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. பூஜ்யம் போட்ட பிறகும் தகுதி மிஞ்சினால்தான் மேற்கொண்டு பேச்சு.

தவறாகப் பிடிபட்டவர்களும் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதியதைச் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட தடவை அவை இயந்திரம் எழுதியதென்றன. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ புதிதாகப் போய்ச் சேர்ந்த பிள்ளையின் எளிய ஆங்கிலம் இப்படிச் சிக்கக்கூடியது. பதிவு தவறு என்றால் அதை ஹானர் சொசைட்டிப் படிவத்தில் வாதாடுவது பயன் தராது. கூட்டாட்சிக் கல்விப் பதிவுச் சட்டம் 1974 முதல் பெற்றோருக்குப் பதிவைப் பார்க்கவும், பிழை இருந்தால் திருத்தக் கோரவும் உரிமை தருகிறது. அதை முதலில் முடித்துவிட வேண்டும்.

மன்னிக்கக் கற்றுக்கொண்டவர்கள்

பல்கலைக்கழகங்கள் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் நேர்மை நெறி 1842இல் தொடங்கியது. பொய், ஏமாற்று, திருட்டு எதுவானாலும் நிரந்தர நீக்கம் என்ற ஒரே தண்டனையை அது நெடுங்காலம் கடைப்பிடித்தது. அதன் பக்கவிளைவு பலருக்கும் தெரிந்ததே: தண்டனை அவ்வளவு பெரிது என்பதால் புகார் கொடுக்கவே பலர் தயங்கினார்கள். 2013இல், புகார் வந்தபின் குற்றத்தை ஒப்புக்கொள்பவர் ஓராண்டு விலகியிருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற வழி வந்தது. யாரும் சந்தேகப்படும் முன்பே தானாக வந்து சொல்பவருக்கு அதற்கும் முன்பிருந்தே தனி வழி இருந்தது. 2022இல் மாணவர்களே வாக்களித்து, நிரந்தர நீக்கம் ஒன்றே தண்டனை என்ற நிலையை மாற்றிவிட்டார்கள்.

ஹார்வர்டில் 2012இல் வீட்டில் எழுதும் தேர்வொன்றில் சேர்ந்து எழுதியதாக ஏறத்தாழ 125 மாணவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் சிலகாலம் விலகியிருக்கச் சொல்லப்பட்டார்கள். காலம் முடிந்ததும் திரும்பி வந்து படிக்கலாம். பட்டம் தரும் நிறுவனங்களே கால எல்லை வைத்துத் தண்டிக்கும்போது, 15 வயதுப் பிள்ளைகளைக் கையாளும் பள்ளிச் சங்கம் எல்லையில்லாமல் தண்டிப்பதற்குக் காரணம் தேட வேண்டும்.

படிவத்தில் என்ன எழுதுவது?

இனி விண்ணப்பிப்பவர் பக்கம். கேள்வி கேட்கப்பட்டிருந்தால் உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. பழைய தவறு முடிந்துபோனது. படிவத்தில் எழுதும் பொய் இன்று செய்வது. குழு நேரடியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே நடத்தை அந்தப் பதில்தான். கேள்வி இல்லை என்றால், படிவத்தைத் தருமுன் ஆலோசக ஆசிரியரை நேரில் பார்த்து, இப்படி ஒன்று நடந்திருக்கிறது, எங்கே எழுதட்டும் என்று கேட்பது மேல்.

எழுதும் விதத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘கல்வி நேர்மை தொடர்பாகச் சூழ்நிலை காரணமாக ஒரு தவறான புரிதல் ஏற்பட்டது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எழுதியவர் இன்னும் ஒளிக்கிறார் என்பது மட்டும் விளங்கும். ‘9ஆம் வகுப்பு உயிரியலில் நண்பனின் ஆய்வக முடிவுகளை எடுத்து என்னுடையவை என்று கொடுத்தேன். பூஜ்யம் கிடைத்தது. அடுத்த அரையாண்டில் இரண்டு அறிக்கைகள் தாமதமாயின. மதிப்பெண் குறைந்தாலும் நானே செய்து கொடுத்தேன்’ என்றால் செய்தது என்ன, பட்டது என்ன, மாறியது என்ன மூன்றும் வந்துவிடும். நண்பன் பெயர் வேண்டாம், ஆசிரியர் கடுமையானவர் என்ற புகார் வேண்டாம், இந்த அனுபவம் என்னைப் புதிய மனிதனாக்கியது என்ற முத்தாய்ப்பும் வேண்டாம். தாமதமாகக் கொடுத்த அந்த இரண்டு அறிக்கைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். முடிந்தால் அன்று பிடித்த ஆசிரியரிடமே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அவர் சொல்லும் நல்ல வார்த்தைக்கு மற்ற ஆசிரியர்களின் பாராட்டைவிட எடை அதிகம்.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அளவோடு பார்க்க வேண்டும். பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் கௌரவங்களுக்கு ஐந்து இடங்கள். ஹானர் சொசைட்டி அதில் ஒன்றை நிரப்பும், அவ்வளவுதான். ஒழுங்கு நடவடிக்கை பற்றி மாணவரிடம் கேட்கும் பொதுக் கேள்வியை அந்த விண்ணப்பம் 2021 முதல் எடுத்துவிட்டது, ஆனால் சில கல்லூரிகள் தனியாகக் கேட்கின்றன. அங்கும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், இப்போதே நேராகச் சொல்லிப் பழகுவது வீண் போகாது.

பள்ளிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எந்தத் தவறுக்கு எத்தனை காலம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தவறைப் பிடித்த ஆசிரியர் குழுவில் இருந்தால், அந்தப் பெயர் வரும்போது அவர் வாக்களிக்காமல் ஒதுங்கலாம். பதிவில் உள்ளதை மட்டும் பார்ப்போம், ஆசிரியர் அறையில் கேட்டதைப் பார்க்க மாட்டோம் என்று குழு தீர்மானம் போடலாம். மறுத்தால் காரணமும், எப்போது மறுபடி வரலாம் என்பதும் எழுதிக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்தில் உண்மை எழுதியவரைத் தள்ளிவிட்டு அதே தவறை மறைத்தவரைச் சேர்த்துக்கொள்ளும் நிலை வராமல் பார்க்க வேண்டும். அந்த நிலை ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் உண்மை எழுத மாட்டார்கள். நான்காவது தூணைச் சாய்த்த பழி அப்போது காப்பியடித்த பிள்ளையைச் சேராது, பள்ளியைத்தான் சேரும்.